ரேஸ் சொல்கிறவர்

ஏப்ரல் 3

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷெரின் சொல்லித்தான் இந்த நோட்டு. "டீச்சர், சார் ஒரு நாள்ல என்னென்ன வார்த்தை சொல்றார்னு தேதி போட்டு எழுதி வைங்க. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது" என்றாள். முப்பத்து மூன்று வருடம் அறிவியல் நடத்தியவளிடம் சோதனைக் குறிப்பு எழுதச் சொன்னால் கசக்குமா?

இன்று சொன்னவை: 'அதான்'. பதினேழு முறை. வேறு இல்லை.

முதல் பக்கம் என்பதால் நிலைமையை எழுதிவிடுகிறேன். ஜனவரி 19 காலை என் கணவர் குழந்தைவேலுவுக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயின. கால் பாதி திரும்பிவிட்டது. ஊன்றுகோலோடு முன்னறை வரை வருகிறார். கை டம்ளரைப் பிடிக்கிறது. பேச்சு மட்டும் 'அதான்' என்ற ஒரு சொல்லில் நின்றுவிட்டது. நாம் சொல்வது அவருக்கு முழுதும் புரிகிறது. பீரோவுக்குள் துணியெல்லாம் மடித்தபடி இருக்கிறது, சாவிதான் கைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு திரும்புகிறதோ அதுதான் பெரும்பங்கு என்கிறாள் ஷெரின். ஜூலை பத்தொன்பது வரை நேரம் இருக்கிறது.

இயல்பிலேயே அவர் பேச்சு குறைந்தவர். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றார். முப்பத்தேழு வருடத்தில் என்னிடம் பேசியதையெல்லாம் எழுதினால் நாற்பது பக்க நோட்டு நிரம்பாது. அதனால் எங்களுக்கு இழப்பு கொஞ்சம் குறைவு என்றுகூட முதல் வாரத்தில் நினைத்தேன். அப்படி இல்லை.

ஏப்ரல் 6

'அதான்' பன்னிரண்டு. காலையில் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். எதற்கோ முயல்கிறார் என்று தெரிந்தது. காபியா? இல்லை. வெந்நீரா? இல்லை. சன்னலைச் சாத்தவா, பேப்பரா, கம்பளியா, முதுகு வலிக்கிறதா, பூங்கோதைக்குப் போன் போடவா? பதினொரு கேள்வி கேட்டிருப்பேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் வந்துவிட்டது போல.

வகுப்பிலும் எனக்கு இந்தப் பொறுமை உண்டு. பதில் தெரியாமல் நிற்கிற பிள்ளையை நான் ஒருநாளும் அதட்டியதில்லை. முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பேன். அதற்கும் வராவிட்டால் பதிலையே சொல்லி உட்கார வைப்பேன்.

ஏப்ரல் 9

கேரட் இரண்டு கிலோ. கேஸ் வந்தது. 'அதான்' ஒன்பது.

ஏப்ரல் 14

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

உதகையில் கோடை ரேஸ் இன்று தொடக்கம். எங்கள் வீடு குதிரைப் பந்தய மைதானத்துக்கு மேலே உள்ள சரிவில் இருக்கிறது. ஒலிபெருக்கிச் சத்தம் வருடா வருடம் மேலே ஏறி வரும். நான் சன்னலைச் சாத்திவிடுவேன். இன்று பாயசம் கிண்டிக்கொண்டிருந்ததால் சாத்தவில்லை. முன்னறையில் யாரோ பேசுகிற குரல் கேட்டது. வானொலி என்று நினைத்தேன். வானொலி ரிப்பேராகி ஒரு மாதம் ஆகிறது.

கரண்டியோடு போய்ப் பார்த்தேன். இவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொல்கிறார்:

"டெக்கான் மெயில் லீடிங்... டெக்கான் மெயில்... ரெண்டாவது மிஸ்டர் பார்டன்... ஆன்ட்டி கிளாரா வெளிப்பக்கமா வருது... வருது... வருது..."

ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் வருவதை இவர் தமிழில், அதைவிட வேகமாக, ஒரு ராகம்போல இழுத்துச் சொல்கிறார். ஓட்டம் முடிந்தது. குரலும் நின்றது. "என்னங்க, என்ன சொன்னீங்க?" என்றேன். என்னைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"அதான்" என்றார்.

ஆறு ரேஸ் நடந்தது. ஆறுக்கும் சொன்னார். மொத்தச் சொற்களை எண்ண முடியவில்லை. பாயசம் அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 16

செய்தித்தாளில் இருந்து இருபத்திரண்டு குதிரைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல ஒவ்வொன்றாக வாசித்து, திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒன்றுகூட வரவில்லை. எட்டாவது பெயரில் தாளைப் பிடுங்கிக் கீழே போட்டார். இடது கையால்.

ஏப்ரல் 17

ஷெரினிடம் சொன்னேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். பேச்சு போன சிலருக்குப் பாட்டு வருமாம். மனப்பாடமான பிரார்த்தனை வருமாம். அது மூளையில் வேறு வழியாக வருகிறது. "சாருக்குப் பெயர் ஞாபகம் இல்லை டீச்சர், ராகம்தான் ஞாபகம். வீட்டுக்கு முன்வாசல் பூட்டியிருக்கு, பின்கதவு திறந்திருக்கு. ரேஸ் கமெண்ட்ரி இப்படி வரணும்னா அவர் எவ்வளவு வருஷம் சொல்லியிருக்கணும்!"

"ரேஸுக்கே போனதில்லைம்மா" என்றேன். "சீசன் சனிக்கிழமையில அவருக்கு ஆபீஸ்ல வேலை இருக்கும். மலர்க் கண்காட்சிக்கு லைட் கனெக்‌ஷன் கணக்கு."

ஷெரின் ரேஸ் புத்தகம் கிடைத்தால் வாங்கி வரச் சொன்னாள்.

இந்த வரியை எழுதும்போதுதான் தோன்றுகிறது: ஓய்வு பெற்ற பிறகும் சீசன் சனிக்கிழமைகளில் அவர் நூலகத்துக்குப் போனார்.

ஏப்ரல் 21

அறுபத்திரண்டு வயதில் முதன்முறையாக ரேஸுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அம்மாளை இவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு, மாணவி யாரும் பார்த்துவிடக்கூடாது என்று சால்வையைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு போனேன். வாசலில் சீட்டுக் கிழிப்பவரே என் மாணவி மல்லிகாவின் கணவர். "வாங்க டீச்சர், எந்தக் குதிரைங்க?" என்றார், ஊருக்கே கேட்கும்படி.

ரேஸ் புத்தகம் வாங்கினேன். அதை விரித்தால் நம் தேர்ச்சி அறிக்கைதான். ஒவ்வொரு குதிரைக்கும் வயது, அப்பா, அம்மா, கடைசி ஐந்து ஓட்டத்தில் எத்தனையாவது இடம், சுமக்கும் எடை. ஓடுவதற்கு முன் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுகிறார்கள். எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி முறைத்துப் பார்க்கிறார்கள். ஒரு சாம்பல் குதிரை நடக்கும்போது காதை மட்டும் பின்னால் திருப்பி வைத்திருந்தது. ஏன்? யாரிடம் கேட்பது?

பக்கத்தில் ஒரு பெரியவர், கழுத்தில் அளவு நாடா. "அது மனசு சரியில்லைன்னு அர்த்தங்கம்மா. அதுமேல போடாதீங்க" என்றார். மெயின் பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் யூசுப் பாய். இரண்டாவது என்க்ளோஷர் என்கிற குறைந்த கட்டணப் பகுதியில் அவருக்கு முப்பது வருடப் பழக்கமாம். பேச்சுவாக்கில் எங்கே வீடு என்று கேட்டார். சொன்னேன்.

"கொழந்தைவேலு சார் வீட்டம்மாவா நீங்க!" என்று கையைக் கூப்பினார். நாலைந்து பேர் திரும்பினார்கள். "டேய், நம்ம ரேஸ் சொல்ற சார் வீட்டுக்காரம்மாடா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் விளக்கினார். கமெண்ட்ரி ஆங்கிலத்தில் வரும். இந்தப் பக்கம் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புரியாது. இருபத்திரண்டு வருடமாக என் கணவர் இந்தக் கம்பி ஓரத்தில் ஒரு சோடாப் பெட்டிமேல் ஏறி நின்று தமிழில் ரேஸ் சொல்லியிருக்கிறார்.

"நீங்க வேற யாரையோ சொல்றீங்க. எங்க வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டாருங்களே" என்றேன்.

சிரிப்பு எழுந்தது. "பேசமாட்டாரா? அம்மா, ரேஸ் முடிஞ்சும் நிறுத்தமாட்டாருங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசிக்கிட்டே வருவாரு. கொஞ்சம் வாயை மூடுங்க சார்னு நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கேன்!"

"பனி எறங்கி ஒண்ணுமே தெரியாதபோதும் சொல்வாருங்க. எல்லாம் புளுகு!" என்றார் இன்னொருவர்.

உடம்பைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. சாம்பல் குதிரை கடைசியாக வந்தது.

ஏப்ரல் 22

வீட்டில் உள்ள எல்லாத் திரைச்சீலைகளையும் துவைத்தேன். எனக்குக் கோபம் இல்லை. 'அதான்' எத்தனை என்று எண்ணவில்லை.

ஏப்ரல் 23

கம்பளிகளைத் துவைத்தேன்.

ஏப்ரல் 25

ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு யூசுப் பாய் கடைக்குப் போனேன். ரவிக்கை தேவை இல்லை. ஒரு கேள்வி இருந்தது. மனுசன் எவ்வளவு விட்டார்?

"பத்து ரூபாய்ங்கம்மா. ஒரு ரேஸுக்குப் பத்து ரூபாய். மேல போட்டு நான் பாத்ததில்லை" என்றார் பாய். "நான் எதுக்கு சார் போடறீங்கன்னு கேட்டேன். காசு போட்டாத்தான் பாய் கண்ணு ஒழுங்கா பாக்கும், இல்லைன்னா சும்மா மேயும்னாரு. பத்து ரூபாய் குதிரைக்கு இல்லையாம், கண்ணுக்குக் குடுக்கற கூலியாம்."

இது அவர் சொன்ன வாக்கியமா? என் கணவர் உவமை சொல்வாரா? உவமை சொல்வது நான்தான், இந்த வீட்டில்.

"வீட்டைப் பத்தி ஏதாவது பேசுவாருங்களா?" என்று கேட்டேன்.

பாய் துணியை இரண்டு முறை அளந்தார். "டீச்சரம்மா ரொம்ப நல்லாப் பேசுவாங்கன்னு சொல்வாருங்க."

ஏப்ரல் 28

அவர் சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். முதல் ரேஸில் பணம் கட்டாமல் பார்த்தேன். முடிந்ததும் கண்ணை மூடி நினைவுபடுத்தினால் ஒன்பது குதிரையில் மூன்றுதான் நினைவில் இருந்தன. இரண்டாவது ரேஸில் 'ஆன்ட்டி கிளாரா' முதலாவது வரும் என்று பத்து ரூபாய் கட்டினேன். அது நாலாவது வந்தது. ஆனால் யார் உள்பக்கம் வந்தார்கள், எந்த வளைவில் யார் யாரைத் தாண்டினார்கள், எந்த ஜாக்கி சாட்டையைத் தூக்கினான், எவன் தூக்கவில்லை, எல்லாம் படம்போல இருக்கிறது. ஆச்சரியம்தான். வகுப்பில் பாடம் கவனிக்காத பிள்ளைகளிடம் பத்துப் பைசா வாங்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து நான் பார்த்த ரேஸை அவரிடம் விவரமாகச் சொன்னேன். ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன். கேட்டுக்கொண்டே இருந்தார். ஒலிபெருக்கி சத்தத்தில் அவர் சொன்ன ஆறு ரேஸைப் பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டிருக்கிறார். "அண்ணன் என்னமா பேசறாரு!" என்றார் என்னிடம். நான் தவறவிட்டேன்.

மே 3, வியாழன்

இன்று ரேஸ் இல்லை. ஒலிபெருக்கி இல்லை. சன்னல் வழியே எங்கள் மேட்டுச் சாலை தெரியும். காலை பத்தரைக்கு ஒரு ஜீப்பும் மினி பஸ்ஸும் காய்கறி லாரியும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன.

"ஜீப்பு லீடிங்" என்றார்.

நான் அரிவாள்மனையை விட்டு எழவில்லை. மூச்சுகூட விடவில்லை.

"ஜீப்பு... ரெண்டாவது மினி பஸ்ஸு... லாரி... லாரி மூச்சு வாங்குது... திருப்பத்துல மினி பஸ்ஸு... மினி பஸ் வெளிப்பக்கமா..."

ஜீப், மினி பஸ், லாரி. மூன்றும் குதிரைக்குச் சம்பந்தமில்லாத சொற்கள். பின்கதவு வழியாக வேறு சாமான்களும் வெளியே வருகின்றன!

மே 5

காலையில் கேட்டேன்: "இட்லி, தோசை, உப்புமா மூணும் ஓடுது. சொல்லுங்க பாக்கலாம்."

யோசித்தார். "தோசை லீடிங்... தோசை... இட்லி ஒரு கழுத்து பின்னால..." ஒரு கணம் நிறுத்தினார். "உப்புமா ஸ்டார்ட் ஆகல."

முப்பத்தேழு வருடமாக வாரம் இருமுறை உப்புமா கிளறியிருக்கிறேன். பிடிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மே 8

பூங்கோதை பெங்களூரிலிருந்து பேசினாள். "அம்மா, நீ சூதாடப் போறியாமே? பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க."

"பத்து ரூபாய்டி. அறிவியல் சோதனை."

"இப்படித்தான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க" என்று வைத்துவிட்டாள். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த தொனி அது.

மே 13

நேற்று ரேஸில் ஒரு புது விஷயம் கற்றேன். நன்றாக ஓடுகிற குதிரைக்கு அதிக எடை ஏற்றுகிறார்கள். சேணத்தில் பை வைத்து அதில் ஈயத் தகடுகளைச் செருகுவார்களாம். மெதுவான குதிரைக்கு எடை குறைவு. அப்போதுதான் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும், பார்க்கவும் பணம் கட்டவும் சுவாரசியமாக இருக்கும் என்றார் பாய். முதல் மதிப்பெண் வாங்குகிறவளுக்கு மட்டும் கடினமான வினாத்தாள் கொடுப்பது மாதிரி. இது நியாயமா என்று இன்று முழுதும் யோசித்தேன். ஓடுகிற குதிரைக்கு இது தண்டனை. ஆனால் மெதுவான குதிரையின் பக்கம் நின்று பார்த்தால், அதுவும் ஓடுகிறது என்று ஒருவர் கண்ணில் படுவதற்கு வேறு வழி ஏது?

இதை அவரிடம் விளக்கினேன். அவருக்கு இது இருபத்திரண்டு வருடமாகத் தெரியும் என்பது விளக்கி முடித்த பிறகுதான் நினைவு வந்தது.

மே 22

ஷெரின் வீட்டுக்கே வந்தாள். இருநூறு சொற்களுக்கு மேல் வந்துவிட்டன என்று மகிழ்ச்சி. கவலையும் இருக்கிறது. எல்லாமே ரேஸ் ராகத்தில்தான் வருகிறது. ராகம் ஊன்றுகோல்; ஊன்றுகோல் இல்லாமல் இரண்டு அடியாவது நடக்க வேண்டும். ஜூன் ஒன்பதோடு சீசனும் முடிகிறது. அதற்குப் பின் காதில் ரேஸ் விழாவிட்டால், வந்த சொற்களும் மங்கிப்போகலாம்.

"ராகத்தை எப்படிக் கழற்றுவது?" என்று கேட்டேன்.

"கேள்வி கேட்டுட்டுக் காத்திருக்கணும் டீச்சர். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்." பிறகு சேலை நுனியைச் சுற்றிக்கொண்டு, "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக்கூடாது. இந்த அரை மணி நேரத்துல நான் சார்கிட்ட ஒன்பது கேள்வி கேட்டேன். ஏழுக்கு நீங்க பதில் சொன்னீங்க" என்றாள்.

சின்னப் பெண். அவள் எண்ணியது தவறாக இருக்கலாம். நான் உதவிதான் செய்தேன்.

மே 23

பால்காரர் இவரைப் பார்த்து "சார் எப்படி இருக்கீங்க?" என்றார். "பரவாயில்லைங்க, நடக்கறாரு" என்று சொன்னேன். சொன்ன பிறகு கேட்டது, என் குரல்தான்.

இது எட்டாவது.

மே 26

இன்று காலையிலிருந்து எண்ணினேன், அவர் சொற்களை அல்ல. அவரிடம் கேட்கப்பட்டு நான் பதில் சொன்னவை பதினான்கு. ஒரு பென்சிலை எடுத்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தும் பதினான்கு. மைதானத்துக்குப் போகவில்லை. வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு ரேஸையும் கேட்டேன். நன்றாகச் சொல்கிறார். குரலில் ஒரு குறும்பு இருக்கிறது. எனக்கு அது யார் குரல் என்றே தெரியவில்லை.

ஜூன் 2

மழை, ரேஸ் இல்லை. யூசுப் பாய் ரவிக்கையைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். அளவு எடுக்காமல் தைத்தது, சரியாக இருக்கிறது. இவரைப் பார்த்துச் சலாம் வைத்துவிட்டு, "அடுத்த சனி கடைசி நாள் சார். சோடாப் பெட்டி வேண்டாம், நாற்காலி போடறோம்" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

நிறைய நேரம் ஆயிற்று. பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"வருது... வருது..." என்றார் இவர். வருகிறேன் என்றுதான் அர்த்தம்.

ஜூன் 9, சனி

ஆட்டோ வாசல்வரை வந்தது. மல்லிகாவின் கணவர் உள்ளே கைத்தாங்கலாக அழைத்துப் போனார். கம்பி ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி; அதன்மேல் யாரோ தன் ஸ்வெட்டரை மடித்துப் போட்டிருந்தார்கள். பத்திருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். "சார், இந்த வருஷம் நீங்க இல்லாம நாங்க பட்ட பாடு இருக்குதே!" "இங்கிலீஷ்காரன் என்ன சொல்றான்னே தெரியாம நான் ஜெயிச்ச சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன் சார்!"

முதல் நாலு ரேஸில் இவர் வாயைத் திறக்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டார் என்று நினைத்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர்கள் எல்லாரும் காத்திருக்கத் தெரிந்தவர்கள். ஒன்றரை நிமிட ஓட்டத்துக்காக அரை மணி நிற்கிறவர்கள். நான்தான் மூன்று முறை அவர் தோளைத் தொட்டேன். மூன்றாவது முறை பாய் மெல்ல, "விடுங்கம்மா" என்றார்.

ஐந்தாவது ரேஸ். நான் 'மிஸ்டர் பார்டன்'மேல் பத்து ரூபாய் கட்டியிருந்தேன். குதிரைகள் புறப்படும் நேரம் பார்த்து மேற்கே இருந்து பனி இறங்கியது. எதிர்ப்பக்க வேலி தெரியவில்லை. கேட் திறந்த மணி மட்டும் கேட்டது. ஒலிபெருக்கியில் அந்த ஆங்கிலக் குரல் ஏதோ சொல்லிவிட்டு நின்றுபோனது. கமெண்ட்ரி சொல்கிறவருக்கும் ஒன்றும் தெரியவில்லை போலும். இரண்டாயிரம் பேர் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். எங்கோ குளம்புச் சத்தம்.

"மிஸ்டர் பார்டன் லீடிங்!" என்றது நாற்காலி.

"ஆ! ஆரம்பிச்சுட்டாரு!"

"மிஸ்டர் பார்டன்... ரெண்டாவது மினி பஸ்ஸு... யூசுப் பாய் உள்பக்கமா புகுந்து வர்றாரு... யூசுப் பாய் மூச்சு வாங்குது..."

"என்னைய ஓட்டறாரு பாருய்யா!"

"தோசை மூணாவது... ஷெரின் டாக்டர் வெளிப்பக்கமா... கரண்ட் பில்லு கடைசி... கரண்ட் பில்லு எப்பவும் கடைசி..."

கூட்டம் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவரும் சிரித்தார். வலது பக்க வாய் கோணி, கண்ணில் நீர் வந்து, தோள் குலுங்க. இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

பனியைக் கிழித்துக்கொண்டு குதிரைகள் எங்கள் முன்னால் வந்து போயின. எது முதலாவது வந்தது என்று நான் பார்க்கவில்லை. காசு கட்டியும் கண் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூன் 10

கேட்டுவிட்டேன். வீட்டில் ஏன் பேசவில்லை என்று. ரேஸை மறைத்ததை நான் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும். பேச்சை ஏன் மறைத்தார்? அங்கே அவ்வளவு வைத்திருந்தவர் ஏன் இங்கே எதுவும் கொண்டுவரவில்லை?

கேட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் நாற்பது வினாடி.

"டீச்சர் லீடிங்" என்றார். மெதுவான குரல், ஆனால் அதே ராகம். "ஸ்டார்ட்ல இருந்து டீச்சர்... திருப்பத்துல டீச்சர்... டீச்சர் பத்து லெங்த்து முன்னால... நல்லா ஓடுது... அழகா ஓடுது..."

"நீங்க?" என்றேன். அந்த ஒரு சொல்தான்.

"இன்னொரு குதிரை..." சன்னலைப் பார்த்தார். "கேட்... இன்னும் திறக்கல."

ஜூன் 11

எழுத எதுவும் இல்லை.

ஜூன் 14

இன்று குறைவாகப் பேசினேன். கடினமாக இருக்கிறது. வாய்க்குள் வாக்கியங்கள் வரிசையில் நிற்கின்றன. அவர் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார், உடம்புக்கு என்ன என்பதுபோல.

ஜூன் 17

சீசன் முடிந்து இரண்டாவது ஞாயிறு. ஷெரின் பயந்ததுபோலவே சொற்கள் குறைகின்றன. ஜீப் போனது; 'லீடிங்' மட்டும் சொன்னார். எனக்கு ராகத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. நானே கமெண்ட்ரி சொல்லிக் காட்டலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அந்த ஓட்டத்தையும் நான் ஓடக்கூடாது.

ஜூன் 20

'அதான்' ஆறு. வேறு இல்லை. இன்னும் இருபத்தொன்பது நாள்.

நான் பதில் சொன்னது ஒன்று. பேசாமல் இருப்பது வேறு, காத்திருப்பது வேறு என்று இன்று தெரிந்தது. ஆறு நாளாக வாயை மூடிக்கொண்டு முகத்தால் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். பரீட்சை அறையில் பிள்ளையின் தலைக்கு மேலே நின்றுகொண்டு, "நான் ஒன்றும் சொல்லவில்லையே" என்கிற ஆசிரியைபோல. இனி அவர் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காரப் போகிறேன். இருவரும் சன்னலைப் பார்க்கலாம்.

ஜூன் 23

பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். மைதானத்தில் புல் வெட்டுகிறார்கள். ஒரு பேச்சும் இல்லை. ஆனால் நான் எழுந்தபோது என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

ஜூன் 27

காலை எட்டேகால். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. மேட்டுச் சாலையில் ஒரு வண்டியும் இல்லை.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கழுத்து நரம்பு எழுந்தது. ராகத்தின் தொடக்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஏதோ அடியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். சமையலறையில் பால் ஏறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இன்னும் கால் நிமிடம் என்று கைக்குத் தெரியும், நாற்பது வருடப் பழக்கம். எழுந்தால் அவர் நிறுத்திவிடுவார். எழவில்லை. அடுப்பில் சுர்ரென்றது. தீய்ந்த வாடை முன்னறைவரை வந்தது. நான் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பால்" என்றார். பிறகு நீண்ட இடைவெளி. "பொங்குது."

இழுப்பு இல்லை, ராகம் இல்லை. யார் வீட்டிலும் யாரும் சொல்கிற மாதிரி.

எனக்கு அது போதவில்லை. "என்னதுங்க?" என்றேன்.

"பால்... பொங்குது."

"என்னதுங்க?"

தலையைத் திருப்பி என்னை முழுதாகப் பார்த்தார். புருவம் ஏறியது.

"காது கேக்கலியா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவருக்கு இன்னும் சொல்வதற்கு இருப்பதுபோல் தெரிந்தது.